குப்பை பொறுக்கியும் ஓடை தேறல, களைய மொத்தமா வெட்டிடலாமா?

கரைவாசி:
எங்க பக்கத்து ஓடைல நாங்க கொஞ்ச பேர் மாசாமாசம் இறங்கி பிளாஸ்டிக் பொறுக்குறோம். ஆனா ஒரு நல்ல மழை பெஞ்சா போதும், பழையபடி குப்பை வந்து நிக்குது, தண்ணி மேல எண்ணெய் மாதிரி படலம், கரையும் சரிஞ்சுட்டே வருது, வர்றவங்களும் சோர்ந்து போறாங்க. கரைல மண்டிக் கிடக்கற களைய ஒரே நாள்ல வெட்டி கிளீன் பண்ணிடலாம்னு பேசிட்டு இருக்கோம். செய்யலாமா?

கோரைப்புல்:
தயவுசெஞ்சு மொத்தமா வெட்டாதீங்க. இப்போதைக்கு கரைய புடிச்சு வச்சிருக்கறதே அந்த வேர்தான், மொட்டையாக்கினா அடுத்த மழைல மண்ணு பூரா ஓடைக்குள்ள இறங்கிடும். ஓடையோட மேல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு துண்டு துண்டா எடுங்க, ஏன்னா களையோட விதை தண்ணியோட கீழதான் போகும், எடுத்த இடத்துல அந்த மண்ணுக்கே உரிய கோரை, புல்லு, மரம்னு நட்டு அது வேர் புடிச்சப்புறம் அடுத்த துண்டுக்கு போங்க. நிழல் ரொம்ப முக்கியம், தண்ணி சூடானா அதுல கரையற ஆக்சிஜன் குறைஞ்சுடும். 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரின்னா 7.5 தான். விழுந்து கிடக்கற கட்டையையும் முடிஞ்சவரை விட்டுடுங்க, மீன் ஒதுங்கற இடம் அது.

மேட்டுநீர்:
குப்பை பொறக்கற இடம் ஓடை இல்லைங்க, அதோட நீர்ப்பிடிப்பு பகுதி, அதாவது மழைத்தண்ணி வழிஞ்சு ஓடைக்கு வந்து சேர்ற சுத்துவட்டாரம். மழைநீர் வடிகால் பல இடத்துல எந்த சுத்திகரிப்பும் இல்லாம நேரா ஓடைல தான் விழுது, ரோட்டுல சிந்துன ஆயில், தோட்டத்து உரம், நாய் கழிவு எல்லாமே முதல் மழைல சேர்ந்து வந்துடும். மழை இல்லாத நாளா பாத்து மேல் நோக்கி நடந்து, ஒவ்வொரு வடிகால் வாயையும் மேப்ல குறிங்க. காய்ஞ்ச நாள்லயும் ஒரு குழாய்ல தண்ணி வருதுன்னா அங்கதான் சந்தேகப்படணும்.

அப்புறம் அந்த படலத்த ஒரு குச்சியால கலைச்சு பாருங்க. கண்ணாடி மாதிரி துண்டு துண்டா உடைஞ்சா அது பெரும்பாலும் இரும்பு பாக்டீரியா, இயற்கையா வர்றது. கலைஞ்சு திரும்ப ஒண்ணு சேர்ந்தா எண்ணெய்தான்.

தட்டான்:
குப்பை எத்தன மூட்டைன்னு மட்டும் எண்ணாதீங்க, பூச்சியையும் எண்ணுங்க. கல்ல புரட்டி வலைல புடிச்சு பாத்துட்டு திரும்ப விட்டுடணும். ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளைன்னு சுத்தமான தண்ணில வளர்ற பூச்சிங்களோட குஞ்சுங்க இருந்தா தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தம், வெறும் செவப்பு புழு மட்டும்னா ஆக்சிஜன் கம்மி. தென்னாப்பிரிக்கால மினிசாஸ்னு ஒரு முறை இருக்கு, பொதுமக்களே இப்படி பூச்சிய வச்சு ஓடைக்கு மார்க் போடறாங்க. ஆக்சிஜன் மீட்டர் கிடைச்சா எப்பவும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல அளங்க, விடியக்காலைல கம்மியா இருக்கும், மதியம் ஏறும், மாத்தி மாத்தி அளந்தா ஒப்பிடவே முடியாது. சின்ன பசங்க வந்தா இதுல தான் உற்சாகமா நிப்பாங்க.

கரைவாசி:
ரொம்ப நன்றிங்க. குச்சி விட்டு பாத்தோம், திரும்ப ஒண்ணு சேருது. களை வெட்டறத நிறுத்தியாச்சு.

மேட்டுநீர்:
அப்போ எண்ணெய்தான். கைல தொடாதீங்க, தேதி நேரத்தோட போட்டோ எடுத்து, எந்த வடிகால்கிட்ட ஆரம்பிக்குதுன்னு குறிச்சு உடனே மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிங்களுக்கு அனுப்புங்க. யாரு விடறாங்கன்னு நீங்களே போய் சண்டை போட வேணாம். ஒருத்தரா போகாம ரெண்டு மூணு பேரா போங்க.