புதுப்பிப்பு: இணையத்தில் நாட்டுப்புற மெட்டு, தாளம் ஒருவழியாகச் சேர்ந்தது

ஷெஃபீல்டில் நானும் பிரிஸ்டலில் இரு நண்பர்களும் வீடியோ காலில் இங்கிலாந்து நாட்டுப்புற மெட்டு வாசித்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? இணையத்தில் சேர்ந்து வாசிப்பதற்கான ஜாமுலஸ் என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டோம், இலவசம்தான். வைஃபையை விட்டு ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்ததிலேயே பாதி நோய் தீர்ந்தது. ஒலி வந்து சேரும் தாமதம் இப்போது 30 மில்லிசெகண்ட் பக்கம். காற்றில் ஒலி 10 மீட்டர் கடக்கிற நேரம். பப்பின் அந்தக் கோடியில் இருப்பவரோடு வாசிப்பது போல.

‘வின்ஸ்டர் கேலப்’ என்ற மெட்டு மூன்று சுற்றும் சேர்ந்தே முடிந்தது! ஹார்ன்பைப் என்ற நடன மெட்டு வகை மட்டும் இன்னும் இழுக்கிறது. ஆளுக்காள் காத்திருந்தால் வேகம் படுத்துவிடும். அதனால் மெலோடியன் (பொத்தான் அக்கார்டியன்) வாசிப்பவரின் கால்தட்டு மட்டும்தான் கணக்கு.

அப்புறம், காதை நன்றாக மூடும் ஹெட்போன் போட்டு, ஜாமுலஸ் சர்வரிலிருந்து திரும்பி வரும் உங்கள் ஃபிடிலின் (வயலினின்) ஒலியைக் கேட்டே வாசியுங்கள். முதல் நாள் தலை சுற்றும்.