கல்லறையில் கிடப்பது எந்தப் படை ஆள்? (பிலடெல்பியா வாஷிங்டன் சதுக்கம்)

கல்வெட்டுக்காரன்:
நேற்று பூங்காக்கள் இழையில் நடைப்பயணி போகிற போக்கில் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டார். வாஷிங்டன் சதுக்கத்தில், பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த அமெரிக்க விடுதலைப் போரின் நினைவாக இருக்கும் பெயர் தெரியாத வீரர் கல்லறையில் கிடப்பது பிரிட்டிஷ் சிப்பாயாகவும் இருக்கலாமாம்! வாஷிங்டன் படை வீரர் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது ஐயா. எதிரிக்கா அணையா விளக்கு ஏற்றுவார்கள்?

நடைப்பயணி:
கல்லில் வெட்டினால் உண்மையாகிவிடுமா? 1956-ல் தோண்டியபோது கிடைத்தது சுமார் 20 வயது ஆணின் எலும்புக்கூடு, மண்டையில் காயம். அவ்வளவுதான். எலும்பு சீருடை போட்டுக்கொண்டு வராது.

கல்வெட்டுக்காரன்:
1777 ஏப்ரலில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். அங்கே 2,000 வீரர்களுக்கு மேல் புதைத்திருப்பதாகக் குழி வெட்டுபவர் சொன்னாராம். பிரிட்டிஷார் நகரைப் பிடித்ததே அந்தச் செப்டம்பரில்தான். கணக்கு வருமா உங்களுக்கு?

நடைப்பயணி:
வரும். அதே கடிதத்தில், எதிரியின் வாளுக்கு ஒருவர் என்றால் நோய்க்குப் பத்துப் பேர் என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் ஆள் மண்டைக் காயத்தோடு அல்லவா கிடக்கிறார்? பாதிக் கடிதத்தோடு நிறுத்துவது உங்கள் பழைய வழக்கம். நடுகல் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

கல்வெட்டுக்காரன்:
நடுகல்லை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னதுதான் சரி. காயம் இருந்தால் பிரிட்டிஷ்காரரா? வாஷிங்டன் படையில் யாருக்கும் குண்டே படவில்லையா?

மரத்தடி:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. நான் அங்கே போனது நிலா மரம் பார்க்க. 1971-ல் அப்பல்லோ 14 விண்கலத்தில் நிலாவுக்குப் போய்வந்த விதையில் முளைத்தது, 1975-ல் நட்டார்கள். அருமையான நிழல்.

நடைப்பயணி:
அந்த மரம் பட்டுப்போய்விட்டது. இப்போது நிற்பது அதன் குளோன். வாஷிங்டன் சிலையும் பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் செய்ததன் வெண்கல நகல். சதுக்கமே நகல்மயம், கல்வெட்டு மட்டும் அசல் என்கிறார் நண்பர்.

மரத்தடி:
குளோன் என்றால் அதே மரம்தான் சார். உயிரியல் தெரியாமல் நக்கல் வேண்டாம்.

தென்கிழக்கு:
1825 வரை அதற்கு வாஷிங்டன் பெயரே கிடையாது, வெறும் தென்கிழக்குச் சதுக்கம். 1793 மஞ்சள் காய்ச்சலில் செத்தவர்களும் அந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள். விடுமுறை நாட்களில் கறுப்பின மக்கள் கூடி ஆடிப் பாடிய இடமும் அது. அவர்களைப் பற்றி ஒரு வரி எழுத இங்கே ஆள் இல்லை.

கல்வெட்டுக்காரன்:
எழுதுங்கள், யார் தடுத்தது? தனி இழை தொடங்குங்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று: கல்லில் என்ன இருக்கிறது?

நடைப்பயணி:
கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கல்வெட்டுக்காரன்:
வாஷிங்டன் படை வீரர். கல்லில் இருக்கிறது. மூன்றாம் முறை சொல்கிறேன்.

மரத்தடி:
குளோன் பற்றி இன்னும் பதில் வரவில்லை.