டிஃப்ராக் (சிதறின ஃபைல் துண்டுகளை ஒண்ணா சேர்க்கிறது) பண்ணலாமா? சி டிரைவ் 27% சிதறல் காட்டுது

ஒற்றைவட்டு:
விண்டோஸ் 10 லேப்டாப். 1 டிபி ஹார்டு டிஸ்க், 5400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து). சி டிரைவ் 200 ஜிபி, அதுல 11 ஜிபிதான் காலி. டி-யில பாதிக்கு மேல இடம் இருக்கு. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் திறந்தா சி 27%, டி 4%னு காட்டுது. வாராவாரம் தானா ஓடுற மாதிரிதான் செட்டிங் இருக்கு, ஆனா எண் குறையவே இல்ல. கையால ஓட்டணுமா? விண்டோஸோட வர்றதே போதுமா, இல்ல வேற மென்பொருள் போடணுமா? இன்னொரு மெஷின்ல எஸ்எஸ்டி இருக்கு. அதுக்கும் இதே பட்டன் வருது, அழுத்தலாமா?

ரீட்ஹெட்:
எஸ்எஸ்டி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அங்கே பட்டனை அழுத்தினால் நடப்பது ட்ரிம். அழித்த ஃபைல்கள் இருந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லும், அவ்வளவுதான். தாராளமாக அழுத்துங்கள். ஒரே நிபந்தனை: மீடியா டைப் என்ற பத்தியில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்க வேண்டும். யுஎஸ்பி பெட்டியில் போட்ட எஸ்எஸ்டியைச் சில நேரம் ஹார்டு டிஸ்க் என்று தவறாகக் காட்டும். அப்படிக் காட்டினால் தொடாதீர்கள்.

ஹார்டு டிஸ்க் கதை வேறு. 5400 ஆர்பிஎம்மில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11.1 மில்லிசெகண்ட். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.6. தட்டைப் படிக்கும் ஹெட் நகர இன்னும் 12 மில்லிசெகண்ட் அளவில். ஆக ஒவ்வொரு தாவலுக்கும் 17, 18 மில்லிசெகண்ட். ஆயிரம் துண்டாகக் கிடக்கும் ஃபைலைப் படிக்க, தாவுவதற்கே 17 வினாடி போய்விடும். எனவே செய்யலாம், பலன் உண்டு.

உங்களுக்கு எண் குறையாததற்குக் காரணம் இடம் இல்லாமை. 200-இல் 11 என்றால் 5.5%. எக்ஸ்பி காலத்து டிஃப்ராக் 15% காலி இடம் கேட்கும். இப்போதும் அதை அளவாக வைத்துக்கொள்ளலாம்; உங்களுக்கு அது 30 ஜிபி. பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாக வைக்க இடமே இல்லாதபோது எத்தனை வாரம் ஓடினாலும் அதே 27தான். இன்னொன்று, தானாக ஓடும் பராமரிப்பு மெஷின் சும்மா இருக்கும்போது, சார்ஜரில் இருந்தால்தான் ஓடும். வேலை முடிந்ததும் மூடிவைக்கும் லேப்டாப்பில் அதற்கு வாய்ப்பே வராது.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு ஸ்மார்ட் விவரம் (டிரைவ் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) பாருங்கள். 05 (கெட்டதால் மாற்றிய செக்டர்கள், அதாவது டேட்டா எழுதும் சிறு கட்டங்கள்), சி5 (படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை), சி6 (திருத்த முடியாதவை) ஆகிய மூன்றின் ரா வேல்யூவும் (மூல எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

சரியாக இருந்தால் முக்கிய ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு இடம் ஒழியுங்கள். டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துத் துடையுங்கள், வீடியோக்களை டி-க்குத் தள்ளுங்கள். ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) பயன்படுத்தாதவர் என்றால் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் (powercfg /h off) கொடுக்கலாம் (இங்குள்ள கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்). ரேமில் 40% அளவுள்ள ஃபைல் அது. 8 ஜிபி ரேமுக்கு 3.2 ஜிபி மிச்சம். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து, பிழைகளைச் சரிசெய்ய செக்டிஸ்க் சி: /எஃப் (chkdsk c: /f) கொடுத்து ரீஸ்டார்ட். டிரைவில் பிழை இருப்பதாகக் குறி விழுந்திருந்தால் டிஃப்ராக் ஓடவே மறுக்கும். அதன்பின் சார்ஜரைச் செருகி டிஃப்ராக் சி: /யு /வி (defrag c: /u /v). பல மணி நேரம் ஆகலாம். நடுவில் நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல்-சி போதும், ஃபைல் கெடாது. பவர் பட்டனை அழுத்தி அணைக்க மட்டும் வேண்டாம்.

தடம்புரளி:
மேல சொன்னதோட ஒரு சின்ன சேர்க்கை. அந்த 27-ஐ ரொம்ப நம்பாதீங்க. 64 எம்பிக்கு மேல இருக்கிற துண்டுகளை விண்டோஸ் சிதறல் கணக்குலயே சேர்க்காது. அவ்வளவு பெரிய துண்டுல ஒரு தாவல் கூடினா என்ன குறைஞ்சா என்ன, அந்த லாஜிக்தான். வெளி மென்பொருள் சிலது எல்லாத்தையும் எண்ணி 40%னு பயமுறுத்தும். எண்ணுற முறைதான் வேற, டிரைவ் அதேதான். பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும்னு ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க. டி-யோட 4%ஐத் தொடவே வேணாம். விண்டோஸோட வர்றதே போதும். ரிஜிஸ்ட்ரி கிளீனரும் சேர்த்து ஒட்டிக்கிட்டு வர்ற வகையறா பக்கம் போகாதீங்க. ஒரே ஒரு பெரிய ஃபைல்தான் தொல்லைன்னா மைக்ரோசாஃப்டோட சிஸ்இன்டர்னல்ஸ் டூல் தொகுப்புல காண்டிக்னு (Contig) ஒரு சின்ன டூல் இருக்கு, அந்த ஃபைலை மட்டும் சேர்த்து வைக்கும்.

ரெண்டு விஷயம் பார்த்துக்கங்க. டிஃப்ராக் நிறைய ஓடினா பழைய ரீஸ்டோர் பாயிண்ட் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்புறதுக்கான பதிவு) காணாமப் போகலாம். விண்டோஸ் டிஸ்க்கைப் பிரிக்கிற அலகான கிளஸ்டர் வழக்கமான 4 கேபியா இருந்தா, இடம் மாத்தின டேட்டாவைக்கூட புதுசா எழுதினதா நினைச்சு, அந்தப் பதிவுகளை வைக்கிற ஷேடோ காப்பி தன் இடத்தை நிரப்பிடும், பழசு கழிஞ்சிடும்.

அடுத்து, மாடல் நம்பரைத் தேடி எஸ்எம்ஆர் டிரைவான்னு பாருங்க. அதுல டிராக்குகள் கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். ஒரு இடத்துல எழுத, பக்கத்துல இருக்கிறதையும் திருப்பி எழுதணும். டிஃப்ராக் மாதிரி அங்கங்க எழுதுற வேலை அதுல ஆமை வேகம். மூணு பர்சன்ட்ல நிக்குதேன்னு வர்ற புகார் பலதுக்கும் காரணம் இதுதான்.

ஒற்றைவட்டு:
கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டேன். மஞ்சள் நிறத்துல காஷன் வருது. 05 பூஜ்யம். சி5, சி6 ரெண்டும் கடைசில 10னு இருக்கு. பத்து செக்டர்தானே, பண்ணிடலாமா?

ரீட்ஹெட்:
வேண்டாம். அந்த மென்பொருள் ரா வேல்யூவை ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) காட்டும். உங்கள் 10 உண்மையில் 16. (ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய் டெசிமலுக்கு மாற்றலாம்.) கணக்கு 512 பைட் செக்டரில் இருக்கிறது. இப்போதைய டிரைவுகளில் எட்டு சேர்ந்தால்தான் தட்டில் ஒரு 4 கேபி செக்டர். ஆக, படிக்க முடியாத இடம் அநேகமாக இரண்டு. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் டிஃப்ராக் பல ஜிபியைப் படித்து வேறிடத்தில் எழுதும் வேலை. நலிந்த டிரைவுக்கு நகல் எடுக்கும் முன் அந்தச் சுமையைக் கொடுக்கக் கூடாது.

ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் சேஞ்ச் செட்டிங்ஸ் போய் வாராந்திர டிக்கை உடனே எடுங்கள். பிறகு நகல்: முதலில் ஆவணங்களும் படங்களும், மற்றவை பிறகு. செக்டிஸ்க் /ஆர் இப்போது கொடுக்காதீர்கள். மொத்தப் பரப்பையும் படிக்கும், 1 டிபிக்கு மணிக்கணக்காகும். நகல் பத்திரமான பின் கொடுக்கலாம்.

எல்லாம் எடுத்தாயிற்று என்றால் டிரைவை வேறு மெஷினில் மாட்டி, குவிக் டிக்கை எடுத்துவிட்டு, அதன் எல்லாப் பகுதிகளையும் முழு ஃபார்மட் செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் அது முழுக்கப் பூஜ்யம் எழுதும். எழுதும்போதுதான் அந்தச் செக்டரை வைப்பதா மாற்றுவதா என்று டிரைவ் முடிவெடுக்கும். சி5 பூஜ்யமாகி 05-உம் பூஜ்யமாகவே இருந்தால் அங்கே எழுதியிருந்த டேட்டாதான் கெட்டிருந்தது, தட்டு அல்ல. 05 ஏறி, சில வாரத்தில் சி5-உம் மறுபடி தலைகாட்டினால் தொலைந்தால் பரவாயில்லை என்ற ஃபைல்களுக்கு மட்டும் வையுங்கள்.

தடம்புரளி:
இதே சாக்குல எஸ்எஸ்டிக்கு மாறுறதா இருந்தா, சாதாரண குளோனிங் டூல் அந்த ரெண்டு இடத்துல முட்டி நின்னுடலாம். லினக்ஸ் லைவ் யுஎஸ்பில பூட் பண்ணி கெட்ட டிஸ்க்கை நகல் எடுக்கிற டிடிரெஸ்க்யூ (ddrescue) ஓட்டுங்க, எதுவரைக்கும் எடுத்திருக்குன்னு குறிச்சு வைக்கிற மேப்ஃபைல் கண்டிப்பா கொடுங்க. நல்ல இடத்தையெல்லாம் முதல்ல எடுத்துட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசிலதான் திரும்பி வரும். நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். புது எஸ்எஸ்டி அளவு பழைய டிஸ்க்கை விடக் குறைவா இருக்கக் கூடாது. மூலம் எது, இலக்கு எதுன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு என்டர் அடிங்க.