மின்கோபுரம் அருகில் இல்லாத வாடகை வீடு தேவை

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியை ஒட்டி உயரழுத்த மின்கம்பி செல்வதாலும், எதிர்க் கட்டடத்தில் செல்போன் கோபுரம் நிற்பதாலும், தலைவலியாலும் உறக்கமின்மையாலும் அவதிப்படும் என் அம்மாவுக்காக வேறு வீடு தேடுகிறோம். இத்தகைய உபாதைகளுக்கும் மின்கம்பி, கோபுரங்களைச் சுற்றி உண்டாகும் மின்காந்தப் புலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதையும், 2012 முதல் இந்தியாவில் கோபுரக் கதிர்வீச்சுக்கான வரம்பு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டதையும் அறிவேன். ஆயினும் அம்மாவின் மன நிம்மதி எனக்குப் பெரிது.

ஆனைமலைப் பக்கம் தோப்பு வீடு அமைந்தால் நல்லது. காற்றாலைகள் நிறைந்த தாராபுரம், உடுமலைப் பகுதிகள் வேண்டாம். காந்தப் புலம் செங்கல் சுவரைக் கடந்துவிடும், தூரம் கூடினால்தான் குறையும் என்பதால், டிரான்ஸ்பார்மரோ கிணற்று மோட்டார் அறையோ படுக்கையறையை ஒட்டி இருக்கக் கூடாது. அப்படியொரு வீடு தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.