கடல் எண்ணெய் வரைபடத்துக்குத் தொகுதியா, பரப்பா, பாடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல நாடுகளின் கடல் எண்ணெய், எரிவாயு உரிமங்களைக் காட்டும் தமிழ் வரைபடத்துக்கு, எண்ணெய் தேடக் கடலைப் பிரிக்கும் ‘பிளாக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தோம். தொகுதி, வயல், பரப்பு, பாடு என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. என் கருத்து, ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். அரசு கடலில் போடும் கோடு ஒன்று, நிறுவனத்துக்குக் கொடுக்கும் இடம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் வரைபடம் தவறான செய்தி சொல்லும்.

நார்வேயைப் பாருங்கள். அங்கே ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி அளவில் கடலைப் பிரித்து, ஒவ்வொன்றையும் 12 துண்டாக்குகிறார்கள். ஒரு துண்டு அட்சரேகையில் 15 நிமிடம், தீர்க்கரேகையில் 20 நிமிடம். அதே வடகடலில் பிரிட்டன் அந்த ஒரு டிகிரி அளவை 30 துண்டாக்குகிறது. இந்தக் கோடுகளால் யாருக்கும் எந்த உரிமையும் வந்துவிடுவதில்லை. உரிமம் தனியாக வழங்கப்படுகிறது. அது இரண்டு மூன்று துண்டுகளில் விரியலாம், ஒரு துண்டின் மூலையோடு நின்றுவிடலாம். நார்வேயில் ஒரே இடத்தில் மேலடுக்குப் பாறை ஒரு குழுவுக்கும் கீழடுக்கு வேறொரு குழுவுக்கும் போவதுகூட உண்டு.

மலேசியாவில் கதை வேறு. 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய் உரிமை முழுவதையும் அரசு நிறுவனமான பெட்ரோனாஸிடம் கொடுத்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் அதனுடன் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம், அதாவது எடுப்பதைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் போடுகின்றன. சரவாக் கடலில் எஸ்கே, சபாவில் எஸ்பி, தீபகற்பத்தில் பிஎம் என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் அந்த ஒப்பந்தங்களுக்கான இடங்களையே குறிக்கின்றன. இந்தோனேசியர்கள் ‘விலாயா கெர்ஜா’ என்கிறார்கள், அதாவது வேலைப் பகுதி. இந்தியாவில் 2025ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம்வரை தேடுவதற்கு ஆய்வு உரிமம், எடுப்பதற்குச் சுரங்கக் குத்தகை என்று இருந்தது. 2017இலிருந்து அங்கே நிறுவனமே தனக்கு வேண்டிய எல்லையை வரைந்து கேட்கவும் முடிகிறது.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம். ‘தொகுதி’ தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஓடலாம். சிங்கப்பூரில் அது தேர்தல் சொல். குழுத்தொகுதி, தனித்தொகுதி என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது எண்ணெய்த் தொகுதி என்றால் தடுமாறும். ‘பிளாக்’ என்றே விடலாம் என்றால், இங்கே புளோக் என்பது நாம் குடியிருக்கும் அடுக்குமாடி. ‘வயல்’ சரிவராது. எண்ணெய் இருப்பது கண்டறியப்பட்ட இடம்தான் எண்ணெய் வயல். உரிமம் வாங்கிய இடத்தில் பல ஆண்டு தேடியும் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

‘பரப்பு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது நியாயம். அவர்களுக்குப் பரப்பு என்பது காணி அளவு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ‘உரிமப் பரப்பு 40’ என்று வரைபடத்தில் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்?

நான் அதிகம் யோசித்தது ‘பாடு’ பற்றித்தான். பழவேற்காடு ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் இன்ன முறைக்கு வலை போடலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். இலங்கையிலும் கரைவலைப் பாடு உண்டு. எல்லை உண்டு, முறை உண்டு, தண்ணீர் யாருக்கும் சொந்தமாவதில்லை. எண்ணெய் உரிமத்தின் சட்டத் தன்மையும் ஏறக்குறைய இதுவே. கடலடி நிலம் நிறுவனத்துக்குச் சொந்தமாகாது, தேடவும் எடுக்கவும் காலவரையுள்ள அனுமதி மட்டும்தான். ‘பாடு’ என்றால் துன்பம் என்ற எதிர்ப்பை நான் பெரிதாக நினைக்கவில்லை. பண்பாடு, வழிபாடு என்று சொல்லும்போது யாருக்கும் துன்பம் நினைவுக்கு வருவதில்லை.

ஆனாலும் வேண்டாம் என்கிறேன். அது மீனவர் தம் உரிமைக்கு வைத்த பெயர். காவிரிப் படுகையின் கடல் பக்கத்தில் எண்ணெய்க்கு எல்லை போடும்போது முதலில் கவலைப்படுகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய பெயரை எடுத்து எண்ணெய் நிறுவனத்தின் உரிமைக்குச் சூட்டுவது முறையில்லை. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நாளைக்கு இதே வரைபடத்தில் மீன்பிடி இடங்களையும் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டும் பாடு என்றால், ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் எது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே என் பரிந்துரை: அரசு போட்ட கோட்டுத் துண்டுக்குக் ‘கட்டம்’, யாருக்காவது கொடுத்த இடத்துக்கு ‘உரிமப் பகுதி’. மலேசியா, இந்தோனேசியாவுக்கு ‘ஒப்பந்தப் பகுதி’ என்று துணைப்பெயர் இருக்கட்டும். துவாஸ், ஜூரோங் கப்பல் பட்டறைகளில் எண்ணெய்த் துரப்பண மேடை கட்டும் நம்மூர் வெல்டர், தான் பற்றவைத்த மேடை எந்தக் கடலுக்குப் போகிறது என்று இந்த வரைபடத்தில் தேடினால், விளக்கம் கேட்காமலே அவருக்குப் புரிய வேண்டும். பகுதி என்ற சொல் அவருக்குப் புரியும்.

அப்புறம், உரிமப் பகுதி சுருங்கக்கூடியது. ஆய்வுக் காலம் முடிய முடிய ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அந்தத் துண்டைச் சிலர் ‘கைவிட்ட பகுதி’ என்று எழுதியிருந்தார்கள். அரசு அதை மறுபடி ஏலம் விடும் என்பதால் ‘திருப்பியளித்த பகுதி’ பொருத்தம்.

மீதி இருப்பது ஒரு சிக்கல். மலேசியாவும் தாய்லாந்தும் எல்லை முடிவாகாத 7,250 சதுர கிலோமீட்டர் கடலைச் சேர்ந்து பயன்படுத்த 1979இல் உடன்பட்டன. அதைக் ‘கூட்டு மேம்பாட்டுப் பகுதி’ எனலாம், அதில் தகராறில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள கோடுகள் இரு நாட்டின் கோரிக்கைகள், முடிவான எல்லைகள் அல்ல. அவற்றுக்கு ‘கோரல் கோடு’ என்று வைத்து, புள்ளிக் கோடாகப் போட நினைக்கிறேன். ‘உரிமைகோரல் எல்லை’ என்று வைத்தால் உரிமப் பகுதியோடு குழம்பும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குமேல் நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், வரைபடக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் எழுதுங்கள்.