லியரின் ‘கமர்பண்ட்’: விளையாட்டா, திமிரா?

திண்ணைவாசி:
ஆந்தையும் பூனையும் படகேறும் ஆங்கிலப் பாட்டை எழுதிய எட்வர்ட் லியரை எல்லோரும் அப்பாவிக் குழந்தைக் கவிஞர் என்கிறார்கள். சரி, 1874-ல் பம்பாய் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் வந்த அவருடைய ‘கமர்பண்ட்’ பாட்டைப் படித்திருக்கிறீர்களா? ஒரு பெண், ‘டோபி’ மேல் உட்கார்ந்து அந்தி நட்சத்திரம் பார்க்கிறாள். மர உச்சியில் பச்சை ‘ஆயா’க்கள். ஆற்றில் தங்கத் துடுப்போடு நீந்துவது ‘சப்ராசி’கள், அதாவது சேவகர்கள். வேலைக்காரர்களை எல்லாம் மீனும் பறவையுமாக ஆக்கிவிட்டார்.

கிளிச்சிறகு:
மிச்சத்தையும் சொல்லுங்கள். அதே பாட்டில் ‘நிமக்’ ரீங்கரிக்கிறது. நிமக் என்றால் உப்பு! ‘நாலா’ என்கிற ஓடை, மரமாகிக் கிளை பரப்புகிறது. கடைசியில் வந்து அந்தப் பெண்ணை விழுங்கும் பூதம் யார்? ‘கமர்பண்ட்’, அதாவது இடுப்பில் கட்டும் கச்சை. 1873 நவம்பரில், 61 வயதில் இங்கே வந்து இறங்கிய மனிதர், காதில் விழுந்த சொற்களின் ஓசையை மட்டும் எடுத்து விளையாடியிருக்கிறார்.

திண்ணைவாசி:
ஓசை மட்டுமா? அவரை இந்தியாவுக்கு அழைத்ததே வைஸ்ராய் நார்த்புரூக். டோபி யார் என்று அவருக்கும் தெரியும், பேப்பர் வாங்கிய துரைமாருக்கும் தெரியும். அர்த்தம் தெரிந்தவனுக்குத்தானே இதில் சிரிப்பு வரும்?

மோர்க்குழம்பு:
நம் காளமேகம் சிலேடை மாதிரிதான் இதுவும். எதற்கு இவ்வளவு கோபம்?

கிளிச்சிறகு:
சிலேடை வேறுங்க. அதில் இரண்டு பொருளும் நிற்க வேண்டும். இங்கே உள்ள பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததை வைக்கிறார். அர்த்தம் தெரிந்தால்தான் சிரிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன், திண்ணைவாசி. ஆனால் விழுங்கப்படுவது டோபி இல்லை, மேலே உட்கார்ந்திருந்த அம்மணி. அப்புறம், பறவை இவருக்குப் புதிதும் இல்லை. இருபது வயதுக்குள் கிளிகளைத் தத்ரூபமாக வரைந்து பெயர் வாங்கினார். 1846-ல் வந்த முதல் நான்சென்ஸ் (அபத்தப் பாட்டு) புத்தகத்திலேயே ஒரு கிழவரின் தாடியில் ஆந்தைகள் கூடு கட்டுகின்றன. கடிதங்களில் தன்னையே பறவையாக வரைந்தவருக்கு ஆயா மட்டும் விதிவிலக்கா?

திண்ணைவாசி:
தன்னைப் பறவையாக வரைந்துகொள்ள அவருக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. ஆயாவைக் கேட்டாரா?

கிளிச்சிறகு:
தாடிக் கிழவரைக் கேட்டாரா?

திண்ணைவாசி:
கிழவர் கற்பனை. ஆயா அடுத்த அறையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

மோர்க்குழம்பு:
நேற்று ராத்திரி இந்தப் பாட்டை மகளுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஏழு வயசு. “டோபின்னா என்ன மிருகம்?” என்றாள். மிருகம் இல்லம்மா, துணி வெளுப்பவர், என் தாத்தா செய்த தொழில் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அவ உங்க தாத்தா மேலயா உக்காந்தா?” என்றாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இதை யார் கணக்கில் வைப்பது என்று நீங்கள் இரண்டு பேருமே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.