சிப்பிச் சத்தம்

குழு: நம்ம வீடு

காலை 6:12

ப்ரின்சி: ஹாஸ்டலில் கோழி கூவுவதில்லை, என் ரூம்மேட்டின் ரீல்ஸ் கூவுகிறது. ஐந்தரையிலிருந்து ஸ்பீக்கரில் ஒரே பாட்டு. இன்றைக்கு அவளை ஒரு பிடி பிடிக்கப்போகிறேன்.

ஜெரி: போனைப் பிடுங்கி பக்கெட்டில் போடு 😂

அம்மா: சும்மா இருடா. ப்ரின்சி, முதலில் காபி குடி.

ரோஸ் அத்தை: புனித குழந்தை தெரசாளுக்கும் இதே பாடுதான். 15 வயதில் பிரான்சில் லிசியே ஊர் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். மாலைத் தியானத்தில் பின்னால் இருந்த சகோதரி ஓயாமல் ஒரு சத்தம் போடுவாராம், இரண்டு சிப்பியை உரசுகிற மாதிரி.

ப்ரின்சி: திரும்பி முறைத்திருப்பார்.

ரோஸ் அத்தை: முறைக்கத்தான் ஆசை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் வியர்த்துக் கொட்டிவிட்டதாம். அப்புறம் அதையே கச்சேரி மாதிரி கவனித்துக் கேட்டு, அந்தக் கச்சேரியை இயேசுவுக்குக் காணிக்கையாக வைத்தார். ஜெபம் என்று வேறொன்றும் ஓடவில்லை. எனக்குப் பிடித்தது அந்த வியர்வைதான். புனிதைக்கும் எரிச்சல் வந்திருக்கிறது பார்.

அந்தோணி மாமா: துணி துவைக்கும்போது எதிரே இருந்தவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறித்த கதையும் உண்டே.

ப்ரின்சி: மாமா, நான் புனிதை இல்லை. எனக்கு செமஸ்டர் இருக்கிறது. பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டுமா?

அம்மா: யார் சொன்னது? பைபிளில் மத்தேயு 18:15 எடுத்துப் பார். குற்றம் செய்தவரிடம் தனியாகப் போய்ச் சொல் என்றுதான் இருக்கிறது. நீ குடும்பக் குரூப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஜெரி: அம்மா 🔥

அந்தோணி மாமா: 📹 📹 📹 📹

ரோஸ் அத்தை: இதோ, 22 வருடமாக என்னுடைய சிப்பிச் சத்தம்.

இரவு 9:40

ப்ரின்சி: சொல்லிவிட்டேன். காலையில் வாயெடுத்தபோது குரல் நடுங்கியது, விட்டுவிட்டேன். சாயங்காலம் மெஸ்ஸில் தோசைக்கு நிற்கும்போது மெதுவாகச் சொன்னேன். இயர்போன் ஒரு காது போய்விட்டதாம். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்கிறாள். நான்தான் இரண்டு மாதமாக உர்ரென்று இருந்திருக்கிறேன்.

அம்மா: சாப்பிட்டாயா?

மறுநாள் காலை 5:48

ப்ரின்சி: மறுபடி ஆரம்பித்துவிட்டது. சத்தம் பாதிதான். வடிவேலு காமெடி. போர்வைக்குள் நானும் சிரித்துவிட்டேன்.

அந்தோணி மாமா: எந்தக் காமெடி? அனுப்பு.

ரோஸ் அத்தை: வேண்டாம் ப்ரின்சி.